வெள்ளையம்மா பேரில் ஓர் அர்ச்சனை

வெள்ளையம்மா எனக்கு அடுத்த வீட்டுக்காரி. பதினெட்டு வருடம், மலேசியக் கரையில் எங்கள் கெலாங் பாத்தாவிலிருந்து விடியுமுன் மோட்டார் சைக்கிளில் பாலம் கடந்து சிங்கப்பூர் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனவள். மழையில் நனைந்து வந்தாலும் சிரித்துக்கொண்டுதான் இறங்குவாள். அந்தச் சிரிப்பின்மேல் எனக்கு அப்போதே ஒரு கண்.

எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே வருடம் மார்புப் புற்று வந்தது. எலும்புக்கும் பரவியது. ஒரே வேனில் ஜொகூர் பாரு ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தோம். நோயிலாவது சமமாகிவிட்டோம் என்று, சாமி மன்னிக்கட்டும், எனக்கு ஓர் ஆறுதல் இருந்தது.

அதுவும் போயிற்று. சதைத் துண்டைச் சோதித்துவிட்டு டாக்டர் யுவனேஸ்வரி தனித்தனியாக விளக்கினார். வேனில் ஒப்பிட்டுப் பார்த்தோம். புற்று பரவாமல் தடுக்கிற மரபணு ஒன்று உண்டாம். வெள்ளையம்மாவுக்கு அது பழுதில்லாமல் இருக்கிறதாம். மேலே ஏதோ ஒட்டி மூடிவிட்டதால்தான் வேலை செய்யவில்லையாம். அதைத் திறக்கப் பார்க்கும் ஆராய்ச்சி மருந்து அவளுக்கு. எனக்கோ அந்த மரபணுவே சிதைந்துவிட்டது. திறந்தும் பயனில்லை, பழைய மருந்தேதான்.

எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: அவளுக்கு நடை சாத்தியிருக்கிறது. எனக்கு உள்ளே சிலையே உடைந்திருக்கிறது.

அவளுக்கு மருந்து ஏற்றுவது வெள்ளிக்கிழமைகளில். "அக்கா, நம்ம மாரியம்மன் கோயில்ல வாராவாரம் என் பேருக்கு ஒரு அர்ச்சனை பண்ணிடுங்க. மகம் நட்சத்திரம்," என்றாள்.

குருக்கள் பேர் கேட்டபோது என் வாய், "கஸ்தூரி, பூரம்" என்று என் பேரையே சொன்னது. எட்டு வாரமும் அப்படியே. குங்குமத்தை மட்டும் அவளிடம் கொடுத்தேன். அவள் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

ஸ்கேன் முடிவு வந்தது. அவளுக்குப் பரவுவது நின்றிருந்தது. எனக்கு இடுப்பெலும்பில் புதிதாக ஒரு புள்ளி. வேனில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, எல்லாம் நான் செய்த அர்ச்சனையால்தான் என்றாள். என் பேரில் செய்த அர்ச்சனைகூட அவளுக்கே போய்ச் சேர்ந்ததே என்று வயிறு எரிந்தது. தாங்காமல் உண்மையைச் சொல்லிவிட்டேன்.

கையை எடுத்துக்கொண்டாள். பிறகு வெளியே பார்த்தபடியே சொன்னாள்:

"அப்ப இந்த வாரம் என் பேர்ல பண்ணுங்க லா. உங்களுக்கு வந்து சேருதான்னு பார்ப்போம்."

போன வெள்ளிக்கிழமை, "வெள்ளையம்மா, மகம்" என்று சொல்ல வாய் ஒருமுறை தடுமாறியது. சொல்லிவிட்டேன். சாயங்காலம் குங்குமத்தைக் கொண்டுபோனேன். அவள் முதலில் என் நெற்றியில் வைத்துவிட்டு, விரலில் ஒட்டியிருந்த மிச்சத்தைத் தனக்கு வைத்துக்கொண்டு சிரித்தாள்.

அந்தச் சிரிப்பைப் பார்த்தால் எனக்கு இன்னும் எரிகிறதுதான்.