இல்லைன்னு சொல்றதுக்கும் காசு

கடன் குடுக்கிற ஆபீஸ்ல கவுண்டர் வேலைங்கிறது, தெரிஞ்ச மூஞ்சியையே பாத்து ‘நீங்க யாரு’ன்னு கேக்கிற வேலை. ரேஷன் கடையோ, பேங்க்கோ, சிம் கார்டு கடையோ, எங்கயாவது ஒரு விரல் மெஷினைப் பக்கத்துல வச்சுக்கிட்டு நீங்க பொழப்பு நடத்துறீங்களா? அப்ப நீங்க நம்ம ஆளு. உக்காருங்க, இந்தக் கூத்தைக் கேளுங்க.

விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துல, பழக்கடைக்கு மேல மாடியில எங்க ஆபீஸு. முதலாளி தங்கராசு சார். இந்தக் கடன் கம்பெனி இல்லாம, பீங்கான் பொம்மை செய்யிற யூனிட்டும் அவருக்கு இருக்குது. காலையில சூளை பிரிச்சதும் ஒவ்வொரு பொம்மையா எடுத்து, எங்கயாவது சொரசொரப்பு இருக்குதான்னு விரலால தடவித் தடவிப் பாத்துட்டுத்தான் ஆபீஸுக்கு வருவார். அது அவருக்குப் பல வருஷப் பழக்கம். கவுண்டர்ல நான் ஒருத்திதான். பேரு தேவகி. வாய் கொஞ்சம் நீளம்னு சொல்லுவாங்க, இருந்துட்டுப் போவுது.

போணி விரல்

ஆதார் விரல் மெஷின் வந்த அன்னிக்கு சார் அதுக்குச் சந்தனம் குங்குமம் வச்சு, சூடம் காட்டினார். கடன் கேட்டு வர்றவங்க அதுல விரலை வச்சா, ‘இது இந்த ஆளுதான்’னு அரசாங்கத்துக் கம்ப்யூட்டர் சொல்லும். நேரா சொல்லாது, சென்னையில ஒரு கம்பெனி நடுவுல இருந்து வாங்கிச் சொல்லும். மெஷினை மாட்ட வந்தவரு காசு பத்தி வாயைத் தொறக்கல. நாங்களும் கேக்கல. அரசாங்கத்து விஷயம்தானே, சும்மாதான் குடுப்பாங்கன்னு நெனைச்சிட்டோம்.

சாருக்குப் போணி பாக்காம எதுவும் ஓடாது. கீழ பழக்கடை வச்சிருக்கிற காதர் பாய் கை ராசிக்காரர். அதனால ஆபீஸு தொறந்ததும் பாய் மேல வந்து மெஷின்ல விரல் வைக்கணும். பச்சை லைட்டு எரிஞ்சாதான் சார் நாற்காலியில உக்காருவார். கடனும் வேணாம் ஒண்ணும் வேணாம், சும்மா ஒரு விரல். “தெனமும் படியேறி வர்றீங்களே பாய், செரமமா இல்லையா?”ன்னு ஒரு நாள் கேட்டேன். பாய் சிரிச்சுக்கிட்டே சொன்னார்: “வெரலுதானேம்மா, வச்சா தேஞ்சா போயிடும்?”

உசுரோட இருக்கேனா?

எங்க மெஷினு நல்லாப் பிடிக்குதுன்னு ஊருக்குள்ள பேரு கெளம்பிடுச்சு. ரேஷன் கடைக்குப் போறதுக்கு முன்னாடி எங்ககிட்ட வந்து ஒரு தடவை வச்சுப் பாத்துட்டுப் போறவங்க, பேங்க்ல வரலைன்னு இங்க ஓடி வர்றவங்கன்னு ஒரே கூட்டம். ஜங்ஷன்ல எடை மெஷின் மேல ஏறி நிக்கிற மாதிரி வந்து நின்னாங்க. சாருக்கு வாயெல்லாம் பல்லு. வந்தவங்கள்ல ஒருத்தராவது கடன் வாங்குவாங்கன்னு எல்லாரையும் வைக்க விடச் சொன்னார்.

ஒரு நாள் வேப்பூர்ல இருந்து பஸ்ஸு புடிச்சு ஒரு பெரியவர் வந்தார். வந்ததும் வராததுமா மெஷின் எங்கன்னு தேடினார். என்னங்கய்யான்னு கேட்டா, முதியோர் பணம் வரலியாம், ‘ஒன்ன செத்துட்டதா எழுதியிருப்பாங்க’ன்னு டீக்கடையில எவனோ சொல்லியிருக்கான். எனக்குத் தூக்கி வாரிப் போட்டுச்சு. இப்படியுமா ஒரு மனுசனை பயமுறுத்துவாங்க? இந்த மெஷினுக்கும் அந்தப் பணத்துக்கும் சம்பந்தமே இல்லைன்னு எடுத்துச் சொன்னேன். காதுலயே வாங்கல. ஒவ்வொரு விரலா வச்சார். செவப்பு, செவப்பு, செவப்பு. ஒவ்வொரு செவப்புக்கும் அவரு மூஞ்சி செத்துக்கிட்டே வருது. சுண்டு விரலுக்கு வந்தப்ப டக்குன்னு பச்சை. பெரியவர் துண்டை எடுத்து மூஞ்சியத் தொடைச்சுக்கிட்டுச் சொன்னார்: “பச்ச எரிஞ்சிடுச்சு பாத்தியா! இனிமே எவன் சொன்னாலும் நான் சாவ மாட்டேன்.”

பில்லு வந்தது

அப்புறம் வந்துச்சு அந்த பில்லு. சார் பாத்தார். கண்ணாடியக் கழட்டித் தொடைச்சுட்டு மறுபடியும் பாத்தார். கையில இருந்த டீ டம்ளர் சாய்ஞ்சு சட்டையில கொட்டினது கூட அவருக்குத் தெரியல. என்ன சார்னு வாங்கிப் பாத்தா, யம்மாடி, எனக்குத் தலையே சுத்திடுச்சு. விரல் வச்ச ஒவ்வொரு தடவைக்கும் கட்டணம்! காதர் பாய் போணி, வேப்பூர் பெரியவரோட அத்தனை விரல், ரேஷன் கூட்டம், எல்லாம் எங்க தலையில.

சென்னைக்குப் போனைப் போட்டேன். அங்க ஒரு பொண்ணு எழுதி வச்சுப் படிக்கிற மாதிரி சொல்லுச்சு. மெஷினை வச்சிருக்கிற நிறுவனம்தான் கட்டணும், கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் கட்டணும், பதில் ஆமான்னு வந்தாலும் சரி இல்லைன்னு வந்தாலும் சரி. அதோட விட்டுச்சா? காரணம் இல்லாம யாரு விரலையும் வாங்கவே கூடாது, தப்புன்னு ஒரு டோஸும் விட்டுச்சு. போணி பாக்கிறோம்னு நான் சொல்லவா முடியும்? ஸ்பீக்கர்ல கேட்டுக்கிட்டிருந்த சார் நெஞ்சுல கை வச்சுக்கிட்டுச் சொன்னார்: “இல்லைன்னு சொல்றதுக்குமா காசு? எங்கூட்ல என் பொண்டாட்டி சும்மாவே சொல்லுவாளே!”

ஒருத்தருக்கு ஒரு தடவை

மறுநாளே மெஷினுக்கு மேல ஒரு அட்டை தொங்குச்சு. ‘ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஒரு முறை மட்டும்.’ சாரோட கையெழுத்து, செவப்பு மையில. மேற்கொண்டு ஒரு தடவை வச்சா என் சம்பளத்துல புடிப்பேன், அதுக்கும் கேக்கலைன்னா வேற ஆளப் பாத்துக்கிறேன்னு என்கிட்ட வாய்ல வேற சொல்லிட்டார். எங்கூட்டு அடுப்பு எரியிறதே இந்தச் சம்பளத்துலதான்.

அந்த நேரம் பாத்து ஸ்டெல்லா அக்கா வந்தாங்க. சாரோட பொம்மை யூனிட்லயே வேலை செய்யிறவங்க. அச்சுல இருந்து எடுத்த, இன்னும் சுடாத பொம்மையோட ஓரத்தை ஈர ஸ்பாஞ்சாலயும் உப்புத்தாளாலயும் தேய்ச்சு வழவழன்னு ஆக்குற வேலை. வூட்டுக் கூரை பிரிஞ்சு போச்சு, மழைக்கு முன்னாடி தகரம் போடக் கடன் வேணும். விரலை வச்சாங்க. செவப்பு. ஆதார்ல குடுத்த போன் நம்பரும் இப்ப அவங்ககிட்ட இல்ல, ஓடிபிக்கும் வழியில்ல. எனக்கு மனசு கேக்கல, அட்டையைப் பாக்காத மாதிரி இன்னொரு தடவை வைக்கச் சொன்னேன். அதுவும் செவப்பு. சொன்ன மாதிரியே சார் என் சம்பளத்துல புடிச்சிட்டார், மனுசன் வாக்கு தவற மாட்டார். கண்ணைப் பாத்துச் சரிபாக்குற மெஷின் ஒண்ணு இருக்குது சார், வாங்கினா இவங்களுக்கு ஆவும்னு சொன்னேன். இருக்கிற மெஷினு காசு உருவுறது போதாதான்னு எரிஞ்சு விழுந்தார்.

அக்கா விடல. லீவு கெடைக்கிறப்பல்லாம் அவங்களுக்கு உள்ள ஒரு தடவையை வச்சுப் பாக்க வருவாங்க. தேங்கா எண்ணெ தடவிக்கிட்டு வந்தாங்க, சுடுதண்ணியில ஊற வச்சுக்கிட்டு வந்தாங்க, சர்ச்சுக்குப் போயி ஜெபம் பண்ணிட்டும் வந்தாங்க. ஒண்ணும் நடக்கல. அந்தக் கையைப் புடிச்சு நான் வெளிச்சத்துல பாத்தேன். ஐயோ, ஒரு கோடு இல்ல, பீங்கான் மாதிரியே இருந்துச்சு. வெளிய மேகம் கட்டிக்கிட்டு நிக்குது. அக்கா கையை உருவிக்கிட்டுச் சொன்னாங்க: “ஒனக்கு என்னையத் தெரியும், மொதலாளிக்கும் என்னையத் தெரியும். அந்த மெஷினுக்கும் தெரியணும்னா நான் எந்தக் கடையிலம்மா போயி வெரலு வாங்கியாறது?”

முதலாளியின் முறை

சென்னை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கிற நாள் வந்துச்சு. ஓடிபி செல்லாது, முதலாளியே விரலோ கண்ணோ வச்சுக் காட்டணும், இல்லைன்னா லைன் கட்டுன்னாங்க. சார் அதுவரைக்கும் அந்த மெஷின்ல விரல் வச்சதே கெடையாது. சூடம் காட்டினதோட சரி. சட்டைக் கையை மடிச்சு விட்டுக்கிட்டு கம்பீரமா கட்டை விரலை வச்சார். செவப்பு.

நான் மெஷினைப் பாத்தேன், சாரைப் பாத்தேன். சார் சிரிச்சு சமாளிச்சார். வேட்டியில விரலைத் தொடைச்சுட்டு மறுபடியும் வைக்கப் போனார். அன்னிக்கும் தன்னோட ஒரு தடவையை வச்சுத் தோத்துட்டு, ஸ்டெல்லா அக்கா பெஞ்சுல உக்காந்திருந்தாங்க. மொதல் நாள் ராத்திரி பேய் மழை. வூட்டுக்குள்ள நனைஞ்ச பொடவை இன்னும் காயல. சத்தம் போடல, கிண்டல் பண்ணல, ரொம்ப மரியாதையா எழுந்து நின்னு சொன்னாங்க: “மொதலாளி, ஒரு தடவைக்கு மேல வைக்கக் கூடாதுங்க. அட்ட தொங்குதுங்க.”

பச்சை

சாரோட கை அந்தரத்துலயே நின்னுச்சு. தன் விரலைத் திருப்பித் திருப்பிப் பாத்தார். அப்புறம் அக்காகிட்ட வந்து, ‘கையக் காட்டு’ன்னு கேட்டுப் பாத்தார். அந்த மனுசன் மூஞ்சி அப்படிப் போயி நான் பாத்ததே இல்ல. இவங்க தேய்ச்சாங்க, அவரு தடவினார், ரெண்டு பேரு விரலையும் அந்தப் பொம்மைங்களே எடுத்துக்கிச்சு. அவரே எக்கிக் கயித்தை அறுத்து அட்டையை எடுத்தார். “தேவகி, அந்தக் கண்ணு மெஷினை வரச் சொல்லு”ன்னார். வெலை கூட கேக்கல. என் சம்பளத்துல புடிச்ச காசையும் திருப்பிக் குடுத்தார்னா நீங்க நம்பணும்.

மெஷினு வந்ததும் சார்தான் மொதல்ல பாப்பார்னு நான் தொடைச்சு வச்சா, ‘போணி ஸ்டெல்லா பண்ணட்டும்’னுட்டார். அக்கா முழிச்சு முழிச்சுப் பாத்தாங்க. நான் எல்லா சாமியையும் கும்பிட்டேன். பச்சை! சார் கண்ணுக்கும் பச்சை, லைனும் கட்டாவல. அன்னிக்கே கடன் பாஸாச்சு, தகரம் ஏத்த வண்டி புடிக்கப் போனாங்க அக்கா. படியில பாதி எறங்கினவங்க திரும்பி வந்து, யாருக்கும் கேக்காம என் காதுல கேட்டாங்க: “ஏம்மா, கண்ணு தேயாதுல்ல?”

ஒரு ஆள யாருன்னு சொல்லக் காசு கேக்கிறாங்களேன்னு குதிச்சவங்கதான் நாங்க. தெரிஞ்ச ஆளையே தெரியாதுன்னு இத்தன நாளும் ஓசியில சொல்லிக்கிட்டிருந்தோம்னு அப்புறம்தான் ஒறைச்சுது.