ஆட்டு மந்தையிலிருந்து முருகேசன் கல்யாணம் வரை

டுடோரியல் காலேஜில் இங்கிலீஷ் இலக்கணம் நடத்துவது, ஒரு தரம் கவிழ்ந்த வண்டியில் மறுபடியும் ஆளேற்றுகிற தொழில். எழுபதுகளின் தொடக்கத்தில், மயிலாப்பூரில் ஒரு பாத்திரக் கடையின் மாடியில், நானும் அந்த வண்டியை ஓட்டினேன். சாக்பீஸ் தூளில் இருமிய சகோதரர்களே, உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கூட்டத்துக்கு ஒரு பேர்

கலெக்டிவ் நவுன் பாடம். ஆடுகள் சேர்ந்தால் ஃப்ளாக், மாடுகள் சேர்ந்தால் ஹெர்ட், மீன்கள் சேர்ந்தால் ஷோல் என்று போர்டில் எழுதினேன். வகுப்பே மிரண்டுபோனது.

முன் பெஞ்சில் முருகேசன். தி.நகர் ஜவுளிக் கடையில் சேலை எடுத்துப் போடுகிறவர். ஊர் திருநெல்வேலிப் பக்கம். இங்கிலீஷில் மட்டும் இரண்டு தரம் கோட்டை விட்டவர். இந்தத் தடவை எஸ்.எஸ்.எல்.சி. பாஸானால்தான் பெண் என்று தேனாம்பேட்டைத் தாய்மாமன் கறாராகச் சொல்லிவிட்டார். பாவம், மனுஷன் உயிரைக் கொடுத்துப் படித்தார். கையைத் தூக்கிக் கேட்டார்: "தீவாளிக்கு எங்க கடைக்கு வார கூட்டத்துக்கு என்ன பேரு போட்டிருக்கான், சார்?"

தாளம் பிறந்தது

யாருக்கும் மனப்பாடம் ஆகவில்லை. வாய்ப்பாடு மாதிரி ராகம் போட்டால் என்ன என்று தோன்றியது. பெஞ்சில் தட்டிக்கொண்டே "ஃப்ளாக் ஆஃப் ஷீப், ஹெர்ட் ஆஃப் கேட்டில்" என்று ஆரம்பித்து, சாவிக்கொத்துக்கு "பஞ்ச் ஆஃப் கீஸ்" என்று முடித்தேன். தூங்கி வழிந்த வகுப்பு துள்ளி எழுந்தது. மாடியே அதிர்ந்தது. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

பக்கத்து வகுப்புக்கும் எங்களுக்கும் நடுவே வெறும் மூங்கில் தட்டிதான். கணக்கு வாத்தியார் சாம்பு சார் அதற்கு மேலாகத் தலையை நீட்டினார். "உங்க ஆடெல்லாம் என் அல்ஜீப்ராவை மேஞ்சுண்டிருக்கு, கொஞ்சம் ஓட்டிண்டு போறேளா?"

மாமா வந்தார்

மருமகன் படிக்கிற லட்சணத்தைப் பார்க்க மாமாவே ஒரு நாள் மாடியேறி வந்தார். சின்ன வயசிலேயே பட்டணம் வந்து சைக்கிள் கடை போட்டவர். இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை உருவி ஆட்டினார். "இத்துக்கு இங்கிலீஷ்ல இன்னா?"

முருகேசன் தொடையில் தட்டியபடி ஆட்டு மந்தையிலிருந்து தொடங்கினார். அப்போதுதான் எனக்கே உறைத்தது. வரிசையாகச் சொன்னால் என் பிள்ளைகள் புலி. நடுவில் ஒன்றைக் கேட்டால் மறுபடி முதலிலிருந்துதான் வர வேண்டும். பரீட்சைக்கு ஒரு வாரம்கூட இல்லை. மாமா சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு என்னைப் பார்த்துச் சொன்னார்: "சாவியக் கேட்டா ஆட்டாண்டேந்து கெளம்புறான். எம் பொண்ணாண்ட எப்ப வந்து சேருவான்?"

பரீட்சை ஹாலில்

அடையாறில் ஒரு பள்ளிக்கூடத்தில் பரீட்சை. கேட்டுக்கு வெளியே நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன். முடிந்ததும் முருகேசன் ஓடிவந்து மூச்சு வாங்கச் சொன்னார். சாவிக்கொத்துக்கான கேள்வி வந்ததும் மேசையில் தட்ட ஆரம்பித்திருக்கிறார். யாருக்கோ சைகை காட்டுகிறார் என்று சூப்பர்வைசர் விடைத்தாளைப் பிடுங்கிவிட்டார்.

கல்யாணமே அவர் கையில் தொங்கியது. முருகேசன் உண்மையைச் சொன்னார். அந்த நேரம் பார்த்துப் பின் வரிசையிலிருந்தும் அதே தாளம் கேட்டது. அங்கேயும் நம் ஆட்கள்தான். சூப்பர்வைசர் சற்று நேரம் காது கொடுத்தார், தாளைத் திருப்பிக் கொடுத்தார். "தாளம் போட்டுக்கோப்பா. ஆனா சத்தம் வரக் கூடாது."

ரிசல்ட்

முருகேசன் பாஸ். மாலைப் பேப்பரும் கையுமாக தி.நகருக்குப் பறந்தேன். விரித்த சேலையை அப்படியே போட்டுவிட்டு அவர் என்னைக் கட்டிக்கொண்டார். சேலை பார்த்துக்கொண்டிருந்த அம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் சிரித்தார்.

கல்யாணம் முடிந்து, மறுவாரமே முருகேசன் புதுப் பெண் செல்வியோடு மாடியேறி வந்தார். ஆசீர்வாதத்துக்கு வந்திருக்கிறார்கள் என்று நான் எழுந்து நின்றேன். அந்தப் பெண் மஞ்சள் மாறாத தாலியைச் சரிசெய்துகொண்டு கூசாமல் சொன்னாள்: "நானும் இங்கிலீஷ்ல பெயில்தான் சார். எங்க நைனா இவராண்ட மூச்சு விடல. எனக்கும் ஒரு எடம் போடுங்க."

பாஸானவரை வாழ்த்தி அனுப்பி, அவர் வீட்டிலிருந்தே பெயிலான இன்னொருவரைச் சேர்த்துக்கொண்டு பிழைப்பு நடத்துகிறவன்தான் ஐயா டுடோரியல் வாத்தியார்.