சாவடியைத் தாண்டாத சோறு

தஞ்சோங் கிளிங் கடற்கரைச் சாலையில் இந்த வளைவை வெட்டியவன் நான். மதகைக் கட்டியவனும் நான்தான். பாறை உடையாது என்று துரை கைவிட்டதை, கைநாட்டுக்காரன் நான் உடைத்தேன். இப்போது துரைமார்கள் இங்கே காரை நிறுத்திக் கடலழகு பார்க்கிறார்கள்.

இன்று ஆடி அமாவாசை. வளைவுக்கு அந்தப் பக்கக் கடல்துறையில் அப்பாவுக்குப் பிண்டம் வைக்கச் சோறு எடுத்துக்கொண்டு பஸ்ஸில் போகிறேன். உடம்பு ஓய்ந்து கிடக்கிறது. வளைவில், காட்டுக் கம்யூனிஸ்டுகளை மடக்க வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலச் சோதனைச் சாவடி. தமிழ்ப் போலீஸ்காரர் ஏறி என் பொட்டலத்தை அவிழ்க்கிறார்.

"சோறு தாண்டக்கூடாது ஐயா. காட்டுல இருக்கிறவனுங்களுக்குப் போயிடும்."

"செத்துப்போன எங்கப்பாவுக்குய்யா இது. அவரு என்ன துப்பாக்கியா தூக்கப்போறாரு?"

"உயிரோட இருக்கிறவங்களுக்கே அளந்துதான்லா கொடுக்கிறாங்க!" சிரித்தவர் குரலைத் தாழ்த்துகிறார். "இந்தப் பக்கமும் அதே கடல்தானே. மதகோரம் இறங்கி வச்சிட்டு வாங்க. பஸ்ஸை நான் பிடிச்சு வைக்கிறேன்."

முழங்கால் வலிக்க இறங்கி, பிண்டத்தை அலையில் விடுகிறேன். அப்பா வாங்கிக்கொண்டார். மேலே ஏறி வந்ததும், மதகில் பதித்த பெயர்க்கல்லைப் படிக்கும்படி போலீஸ்காரரிடம் சொல்கிறேன். துரை பெயர் மட்டும்தான் இருக்கிறதாம்.

பத்திரிகையில் இந்தச் சாலையின் அழகை எழுதுகிறவர்களே, அந்தக் கல்லில் என் பெயரையும் வெட்டச் சொல்லுங்கள். என் அப்பா சோறு வாங்கிய இடம் என் கையால் எழும்பியது.