டிரம் நிரம்பி வழிந்த காலைகள்

போன வருட மழைக்காலத்தில் ஸ்கூட்டர் வழுக்கி என் கணவருக்குத் தலையில் அடிபட்டது. தாராவியில் எங்களுக்கு ஒற்றை அறை வீடு. ஆபரேஷன் முடிந்து எழுந்து நடமாடினார். பழைய கதையெல்லாம் நினைவிருந்தது. புதிதாகச் சொல்வதுதான் மறுநாள் வரை தங்கவில்லை.

ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுத்த பெண் சொல்லி ஒரு ஸ்மார்ட் வாட்ச் வாங்கினோம். மாத்திரை, குளியல், கேஸை அணைப்பது என்று நான் போட்டு வைப்பதெல்லாம் நேரத்துக்கு மணிக்கட்டில் அதிர்ந்து எழுத்தாக வரும். அவரே வாய்விட்டுச் சொன்னாலும் பதிந்துகொள்ளும். எங்கள் திருநெல்வேலித் தமிழ் மட்டும் அதற்குப் புரியாது, இந்தியில்தான் சொல்ல வேண்டும். இத்தனை வருடம் என் பேச்சைக் கேட்காத மனுஷன், வாட்ச் சொன்னால் உடனே எழுந்தார்!

ஒன்றை மட்டும் நான் அதில் போடவில்லை. அவர் நினைவில்லாமல் கிடந்தபோது ஊரில் என் மாமனார் இறந்துவிட்டார். தினமும் காலை ஆறு மணிக்கு மகனுக்கு போன் செய்கிறவர். ஆறு அடித்தால் இவர் கேட்பார், "ஏளா, அப்பா போன் இன்னும் வரல?" சொல்வேன். அவருக்கு அது ஒவ்வொரு முறையும் புதுச் செய்தி. உடைந்துபோவார். சொல்லிச் சொல்லி நானும் அழுவேன்.

ஆறு மாதம் கழித்து, திடீரென்று கேட்பதை நிறுத்தினார். ஞாபகம் திரும்பிவிட்டது என்று பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தேன். ஆனால் வேறொரு தொல்லை முளைத்தது. காலையில் தண்ணீர் பிடிக்க மோரிக்குள், அதாவது வீட்டு மூலையில் தடுத்திருக்கும் குளிக்கும் இடத்துக்குள் போவார். டிரம் நிரம்பி வழிந்தாலும் குழாயை மூடமாட்டார். இங்கே தண்ணீர் கொஞ்ச நேரம்தான் வரும். "ஏங்க, தண்ணி வழியுது, காது கேக்கலியா?" என்று கத்துவேன். 'குழாயை மூடு' என்று வாட்சிலும் போட்டேன்.

ஒரு நாள் வாட்சை சார்ஜில் விட்டுவிட்டு மோரிக்குப் போய்விட்டார். ஆறுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அது அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தேன். நான் போட்டதல்ல. இந்தியில் இருந்தது. தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: "அப்பா இறந்துட்டாங்க. அவகிட்ட கேக்காத, அவ அழுவா. தண்ணிச் சத்தத்துல அழுதுக்கோ."

என்றைக்கோ நான் அழுததைப் பார்த்துவிட்டு, மறப்பதற்குள் சொல்லி வைத்திருக்கிறார்.

அன்று டிரம் நிரம்பியதுமே குழாயை மூடிவிட்டு வந்தார். கையைத் துடைத்தபடி, "ஏளா, அப்பா போன் வரல?" என்றார். பக்கத்தில் உட்காரவைத்து நானே சொன்னேன். இரண்டு பேரும் சேர்ந்து அழுதோம்.

'குழாயை மூடு' என்று நான் போட்டதை அழித்தேன். அவர் போட்டதைத் தொடக் கை வரவில்லை. மறுநாள் டிரம் வழிந்தபோது மோரிக்கு வெளியே துண்டோடு சும்மா நின்றேன். பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, "தண்ணி சந்துக்கு வருது, பாக்கலியா?" என்றார்.

"வரட்டும்க்கா" என்றேன்.

தினமும் புதிதாகத் தகப்பனை இழந்து, தனியாக அழுது முடித்து, முகம் கழுவிக்கொண்டு வந்து "டீ போட்டியா?" என்று கேட்கிற மனிதரோடு வாழ்கிறேன் என்று நினைத்தால், இன்றும் எனக்குக் கும்பிடத் தோன்றுகிறது.