கொழும்பில் அத்தானுக்குக் கல் எடுத்தது

வயிற்றைக் கீறிக் கல் எடுக்கக் கடல் தாண்டிப் போனவர்கள் அந்தக் காலத்தில் எங்கள் பகுதியில் மிகக் குறைவு. அப்படிப் போன ஒருவருக்குத் துணையாகப் போனவன் நான். இனிப் போகிறவர்களுக்கு உதவுமே என்று கண்டதைச் சொல்கிறேன்.

அத்தான் என்றது என் அக்காவின் கணவரை. எங்கள் கிறிஸ்தவ சபையில் டீக்கன், அதாவது உதவி ஊழியர். திருவிருந்து ஞாயிறுகளில் அப்பத் தட்டை ஏந்தி வரிசை வரிசையாகக் கொடுத்துக்கொண்டு வருவார். அவருக்கு வலது விலாவுக்குக் கீழே ஒரு வலி வந்தது. வந்தால் முதுகு வழியாகத் தோள் வரை ஏறும். வாயில் துண்டைக் கடித்துக்கொண்டு சுருண்டு கிடப்பார். வைத்தியர் குன்மம் என்று சொல்லி நெய்மருந்து கொடுத்தார். நெய் உள்ளே போகப் போக வலி கூடியதே தவிரக் குறையவில்லை. கடைசியில் கண்ணும் மஞ்சளித்தது.

அந்தச் சமயத்தில் கொழும்பில் கடை வைத்திருந்த எங்கள் சபைக்காரர் ஒருவர் ஊருக்கு வந்திருந்தார். சபைச் செயலாளருக்கு உடன்பிறந்த தம்பி அவர்.

"இது குன்மம் இல்ல. பித்தப்பையில கல்லு. எனக்க கடைக்கு வாற ஒருத்தருக்கு இதே மாதிரி இருந்து, அங்க ஒரு வெள்ளக்கார டாக்டர் கீறி எடுத்தாரு. வாரும், நான் கூட நிக்கேன்" என்றார்.

தூத்துக்குடியில் கப்பல் ஏறினோம். அத்தானும் அக்காவும் நானும். அத்தானுக்குக் கப்பலிலேயே வலி வந்துவிட்டது. கடலில் போட்டுவிடுவார்களோ என்று அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். நான் வேதத்திலிருந்து ஒரு சங்கீதம் சொல்லத் தொடங்கினேன். பாதியில் எனக்கே வசனம் மறந்துபோயிற்று.

ஆஸ்பத்திரியில் டாக்டர் இங்கிலீசில் கேட்பார். கடைக்காரர் அதைத் தமிழில் சொல்வார். காய்ச்சல் உண்டா, மலம் என்ன நிறம், இப்படிப் பல கேள்விகள். பிறகு ஒன்று கேட்டார். கடைக்காரர் சிரித்தார்.

"நீரு குடிப்பீரான்னு கேக்காரு. குடிக்கவனுக்கு மயக்கமருந்து லேசுல பிடிக்காதாம். பாதியில துள்ளுவானாம். தெரியாமக் கூட்டிக் குடுத்தா நெஞ்சு நின்னுபோவுமாம். டீக்கன்கிட்ட இதக் கேக்க எனக்கே வெக்கமா இருக்கு."

"அக்கானி குடிப்பேன்" என்றார் அத்தான், பதநீரைச் சொல்லி. "வேற என்ன?"

கடைக்காரர் இல்லை என்று தலையசைத்துக் காட்டினார். டாக்டர் எழுதிக்கொண்டார்.

அன்று முழுக்க அக்கா சாப்பிடவில்லை. வராந்தாவில் வைத்து என்னிடம் கேட்டாள். "நெஞ்சு நின்னுபோவும்னு சொன்னது நெசமாடே?"

"அது குடிக்கவங்களுக்குல்லா அக்கா. அத்தானுக்கு என்ன?"

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு முந்தானையால் வாயை மூடிக்கொண்டு ஜெபம் பண்ணப் போய்விட்டாள்.

மறுநாள் காலையில் அத்தானுக்குக் குடலைக் கழுவி, வயிற்றுமயிரை மழித்து, தண்ணீர்கூடக் கொடுக்காமல் வைத்திருந்தார்கள். பிறகு சக்கரக் கட்டிலில் தள்ளிக்கொண்டு போனார்கள். கதவுக்கு முன்னால் அக்கா கட்டிலைப் பிடித்து நிறுத்தி, கூட வந்த கடைக்காரரைப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, டாக்டர்கிட்ட ஒண்ணு சொல்லணும். எங்க பனையில ஒரு கலயத்துக்குச் சுண்ணாம்பு கெடையாது."

சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறங்குவது அக்கானி. தடவாததில் இறங்குவது கள். பனை உள்ள ஊரில் பிறந்தவனுக்கு அதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. கடைக்காரர் முகம் மாறியது.

"ஏட்டி, சும்மா கெட!" என்றார் அத்தான்.

"நீங்க சும்மா கெடங்க. நாளைக்கு என்ன ஏசதுக்கு வாயி வேணும்லா?"

"எவ்வளவு காலமா?" என்று கடைக்காரர் கேட்டார்.

"எனக்க மூத்தவ பொறந்ததுல இருந்து. ஒரு அந்தி தவறாது."

அத்தான் கண்ணை மூடிக்கொண்டார். அவருக்கு எது பெரிய பயம், கத்தியா சபையா என்று அந்த நேரத்தில் என்னால் சொல்ல முடியவில்லை. கடைக்காரர் உள்ளே போய் டாக்டரிடம் சொன்னார். அவர் மயக்கமருந்து கொடுப்பவரைக் கூப்பிட்டு நெடுநேரம் பேசினார். பிடித்துக்கொள்ள இன்னும் இரண்டு ஆட்களை உள்ளே விட்டார்கள்.

கதவுக்கு வெளியே நின்றோம். முதலில் அத்தான், மயக்கம் பிடிக்கிறதா என்று பார்க்கச் சொன்னபடி, ஒன்று இரண்டு என்று எண்ணுவது கேட்டது. பிறகு அலறல், கட்டில் இரும்பு தடதடவென்று ஆடுகிற சத்தம். "விடுங்கலே!" என்று கத்தினார். அக்கா என் தோளில் நகம் பதியப் பிடித்தாள். பிறகு சத்தமே இல்லை. அலறலைவிட அதுதான் கொடுமையாக இருந்தது. கர்த்தாவே, கர்த்தாவே என்பதற்கு மேல் எனக்கு ஜெபம் வரவில்லை.

வெகுநேரம் கழித்து டாக்டர் வந்து ஒரு குப்பியைக் காட்டினார். சுண்டைக்காய் போலக் கற்கள். மருந்து பிடிக்க மிகவும் பாடுபட்டதாகவும், முன்னாலேயே தெரிந்திருந்ததால்தான் பொறுமையாகக் கொடுத்ததாகவும் சொன்னாராம். அதைத் தமிழில் சொன்ன கடைக்காரர், அக்காவின் முகத்தைப் பார்க்காமல், "டாக்டர் கேட்டதுக்கு டாக்டர்கிட்ட சொல்லியாச்சு. ஊர்ல எங்கிட்ட யாரும் கேக்கல்ல" என்றார்.

அதன் பிறகும் பயம் விடவில்லை. விலாவில் ரப்பர்க் குழாய் வைத்திருந்தார்கள். அது வழியாகப் பித்தநீர் வடிந்தது. தாகம் என்று கெஞ்சினாலும் நனைத்த துணியால் உதட்டைத் தொடுவதோடு சரி. இருமினால் தையல் பிரிந்துவிடுமோ என்று தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டுதான் இருமினார். கூடப் போகிறவர்கள் இதற்கெல்லாம் மனதைத் திடப்படுத்திக்கொண்டு போகவேண்டும். டாக்டர் கேட்டால், பக்கத்தில் யார் நின்றாலும் உள்ளதைச் சொல்லவேண்டும்.

ஊர் திரும்பியபின் வந்த முதல் திருவிருந்தில் டீக்கன்மார் தட்டெடுக்க எழுந்தபோது அத்தான் எழவில்லை. சபைப் போதகரான ஐயர், புண் வலிக்கிறதாக்கும் என்று நினைத்து, அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அத்தான் விலாவைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார்.

"நான் கள்ளு குடிக்கவன் ஐயரே. இவ்வளவு காலமும் ஒளிச்சு வச்சுக்கிட்டுதான் தட்டெடுத்தேன். சாவப்போற நேரத்திலயும் நான் சொல்லல்ல. எனக்க பெஞ்சாதிதான் சொன்னா."

செயலாளர் தம் தம்பிக்கு இது தெரியுமோ என்பதுபோல என்னைப் பார்த்தார். ஐயர் அத்தானைத் திருவிருந்திலிருந்து விலக்கிவைத்து, வேறு ஒருவரைத் தட்டெடுக்கச் சொன்னார்.

அப்பம் பெண்கள் பக்கம் போனது. அக்காவை யாரும் விலக்கவில்லை. ஆனாலும் தட்டு வந்தபோது அவள் எடுக்காமல் அடுத்தவளிடம் கொடுத்தாள். அத்தானைச் சபை திரும்பச் சேர்த்துக்கொள்ளும்வரை அப்படியே கொடுத்துக்கொண்டிருந்தாள்.