அந்த ஓரெழுத்துச் சொல்

ரத்தத்தை முதலில் பார்த்தவர் என் வீட்டுக்காரர்தான். வாயைத் திறக்கவில்லை. ஐந்து மாதம் கழித்து, துவைக்கப் போட்ட வேட்டியில் நான் பார்த்தேன். "மூலமா இருக்கும், விடு செல்வி" என்றார். எனக்குத் தெரியாமல் மூலத்துக்கென்று துத்தி இலையை வதக்கித் தின்றுகொண்டிருந்திருக்கிறார்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருக்கலாம் என்பதால்தான் எழுதுகிறேன். படிக்க அருவருப்பாக இருக்கும். எனக்கும் அப்படித்தான் இருந்தது, இன்னும் இருக்கிறது.

என் கணவர் கவிஞர். பெரிய பெயரெல்லாம் கிடையாது. நாகல் நகரில் நான் வேலை பார்க்கும் அச்சகத்தில், கல்யாணப் பத்திரிகைகளுக்கு நடுவே அவர் கவிதைகளை நான்தான் கணினியில் அடித்துக் கொடுப்பேன். சாக்கடை அள்ளும் ஒரு பெண் மத்தியானம் கை கழுவிவிட்டுச் சோறு பிசைவதைப் பற்றி ஒன்று எழுதினார். அதில் 'பீ' என்ற சொல் மூன்று இடத்தில் வரும். ஒரு கல்லூரி அந்தக் கவிதையைப் பாடத்தொகுப்புக்குக் கேட்டது. சரி என்றோம். பிறகு, அந்தச் சொல்லைக் 'கழிவு' என்று மாற்றச் சொன்னார்கள்.

"வெங்காயத் தோலும் கழிவுதான் சார். அந்தம்மா அள்ளுறது நம்ம பேண்ட பீ. அதை அப்படித்தான் சொல்லணும்" என்றார் இவர்.

அன்றைக்குப் பிடித்தது சனி. விஷயம் வெளியே பரவியது. மொட்டைக் கடிதங்கள் வந்தன. ஆபாசம் என்று யாரோ புகார் கொடுக்க, போலீஸ் ஸ்டேஷனில் உட்கார வைத்து மன்னிப்பு எழுதித் தரச் சொன்னார்கள். இவர் எழுதவில்லை. இருபது வருஷம் எங்கள் வீட்டில் சாப்பிட்ட நண்பர், கவிதை என்றால் மணக்க வேண்டும் என்று மேடையில் பேசினார். மணக்க வேண்டுமாம். அவருக்குக் கருவாட்டுக் குழம்பு ஊற்றிய கை இது.

இப்படி ஒரு சொல்லுக்காக ஊரையே பகைத்துக்கொண்ட மனிதர், ரத்தம் போக ஆரம்பித்த நாட்களில் தனியாக ஒரு பெண் மருத்துவரிடம் போயிருக்கிறார். "வயிறு மந்தமா இருக்கு" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். அவர் வாயுவுக்கு மாத்திரை கொடுத்து அனுப்பியிருக்கிறார். வேட்டியைப் பார்த்த பிறகு அதே மருத்துவரிடம் நானே இழுத்துக்கொண்டு போனேன். "மோஷன்ல ரத்தம் வருதா?" என்று கேட்டதும் இவர் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார். நான்தான் சொன்னேன்.

கொலோனோஸ்கோபி (ஆசனவாய் வழியாகக் குழாய்க் கேமராவை விட்டுக் குடலைப் பார்ப்பது), பயாப்ஸி (சதைத் துணுக்கை எடுத்துச் சோதிப்பது) எல்லாம் முடிந்தது. மலக்குடலில் புற்றுநோய்.

"அப்பவே சொல்லிருந்தா இம்புட்டு தூரம் போயிருக்காதேம்மா" என்றார் மருத்துவர்.

வெளியே வந்து, "ஏங்க சொல்லல?" என்று கேட்டேன்.

"ஒரு பொம்பளப் பிள்ளட்ட போயி எப்பிடிச் சொல்றது?"

அந்த நடைபாதையிலேயே அவரை அறைந்திருப்பேன். சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள்.

மதுரையில் அறுவை சிகிச்சை. கொலாஸ்டமி (குடலின் நுனியை வயிற்றில் துளையிட்டு வெளியே எடுத்து, அதன்மேல் பை ஒட்டுவது) செய்ய வேண்டும், பை ஆயுசுக்கும் இருக்கும் என்றார்கள். கையெழுத்துப் போட்டேன். அவர் உள்ளே கிடந்த நேரத்தில் அந்தக் கல்லூரிப் பேராசிரியர் போன் செய்தார்.

"புத்தகம் அச்சுக்குப் போகுது மேடம். சாருக்கு இப்ப எதுக்கு டென்ஷன்? ஒரே ஒரு எழுத்துதான. நீங்களே மாத்தி அனுப்பிருங்க. அவர் பேரு நிக்கட்டும்."

பிழைத்து வருவாரோ மாட்டாரோ என்று கிடந்தேன். பேராவது நிற்கட்டும் என்று தோன்றியது. ஆபரேஷன் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, போனிலேயே மூன்று இடத்திலும் மாற்றி அனுப்பினேன்.

அவர் பிழைத்தார். முதல் முறை பையைக் கழற்றியபோது நான் வாந்தி எடுத்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். பழகப் பத்து நாள் ஆனது. உங்களுக்கும் பழகிவிடும்.

வீட்டுக்கு வந்த மூன்றாம் வாரம் புத்தகம் தபாலில் வந்தது. அவர் ஒரே ஒரு பக்கத்தைத்தான் படித்தார். யார் மாற்றியது என்று கேட்டார். சொன்னேன். திட்டவில்லை. சாயங்காலம் பை மாற்ற நான் கையுறையோடு போனபோது, சட்டையை இழுத்து மூடிக்கொண்டார்.

"நீ தொடாத. அது கழிவு. நானே பாத்துக்கிறேன்."

அவரே மாற்றினார். ஒட்டு சரியாகப் பிடிக்காமல் பாயெல்லாம் ஆனது. அதைத் துடைக்கவும் விடவில்லை. பையிலிருந்ததைப் பார்த்து எனக்குக் குமட்டவில்லை. அந்தச் சொல்லை மாற்றிய என் கையைப் பார்க்கத்தான் குமட்டியது.

மறுநாள் ஆட்டோ பிடித்துக் கல்லூரிக்குப் போனேன். எழுதியபடி போடுங்கள், இல்லாவிட்டால் கவிதையை எடுத்துவிடுங்கள் என்று கடிதம் கொடுத்தேன்.

பேராசிரியர் நெளிந்தார். "பொம்பளப் பிள்ளைக இருக்கிற கிளாஸ்ல அந்த வார்த்தைய எப்பிடி மேடம் வாசிக்கிறது?"

"நானும் பொம்பளதான் சார். தெனம் நாலு வாட்டி அள்ளுறேன்."

மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டார். என்மேல் ஒரு வாடையும் இல்லை, குளித்துவிட்டுத்தான் போயிருந்தேன். அடுத்த பதிப்பில் கவிதையை எடுத்துவிட்டார்கள். இனி எந்தப் பாடப்புத்தகத்திலும் அவர் பெயர் இல்லை. அதை அவரிடம் சொன்னேன். "செத்த நேரம் உக்காரு" என்று தானே சட்டையைத் தூக்கினார்.

வயிற்றில் வைத்த வாய்க்கு அடக்கத் தெரியாது. சாப்பாட்டுக்கு நடுவில் வரும், விருந்தாளி இருக்கும்போது சத்தம் போடும். எங்கள் பொழுது இப்போது பை நிறைவதை வைத்துத்தான் விடிகிறது, சாய்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை. அதற்கு அப்பால் நாங்கள் எதையும் யோசிப்பதில்லை.

போன பரிசோதனையில், முதலில் பார்த்த அதே பெண் மருத்துவர் கேட்டார்: "எப்பிடி இருக்கீங்க சார்? மோஷன் எப்பிடி?"

வழக்கம்போல நான் வாயெடுத்தேன். இவர் என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, மருத்துவரின் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

"காலைலருந்து ரெண்டு வாட்டி பீ போயிருக்கு டாக்டர். ரத்தம் இல்ல."