மாமி விட்டுவைத்த இடம்

ஆண்டவரை நம்புகிற உங்கள் முன் இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

போன மாரி மழைக்காலத்தில் என் மாமியார் குசினியில் சமைத்துக்கொண்டிருக்கும்போது விழுந்தார். பாரிசவாதம். இனிப் பேச்சு வருவது கடினம் என்று டாக்டர் சொன்னார். அவரிடம் கேட்க வேண்டிய மன்னிப்பு ஒன்று என்னிடம் இருந்தது. நான் பிந்திவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

எங்கள் கலியாணத்தோடு மாமி தன் வீட்டை மகள் எஸ்தருக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்துவிட்டு, குசினிக்குப் பக்கத்து அறைக்குப் போனவர். பிள்ளைகளை வளர்த்தவர் அவர். என் வெள்ளைச் சட்டைகளுக்கு நீலம் போட்டவரும் அவர்தான். என்னை நேரில் "தம்பி" என்பார். என் பெயரை ஆண்டவரிடம் மட்டுமே சொல்வார்.

பின்னேர ஜெபத்தில் எஸ்தர், பிள்ளைகள், கிண்ணியாவிலிருந்து பால் கொண்டுவரும் பெண், கால் நொந்த ஆடு என்று எல்லோரையும் ஒப்புக்கொடுப்பார். கடைசியில், "என்ர குணசீலனைப் பாரும் ஐயா" என்று சத்தமாக அழுவார்.

அப்போது நான் பாடசாலை அதிபர். ஒருநாள் வீட்டுக்கு வந்திருந்த கல்வி அதிகாரிகள் அதைக் கேட்டுவிட்டார்கள். அவர்கள் போனதும் வெடித்தேன்.

"மாமி, ஆட்டுக்கு அழுங்கோ. என்ர பேரைச் சொல்லி அழாதேங்கோ. எனக்கென்னவோ நோய் வருத்தமெண்டு ஆக்கள் நினைக்கினம்."

"ஓம் தம்பி. இனிச் சொல்லமாட்டன்."

சொல்லவில்லை. அதற்குப் பிறகு ஜெபத்தின் முடிவில் மூச்சை இழுத்துச் சற்று நிற்பார். நான் பத்திரிகையோடு கதிரையில் இருந்து கேட்பேன். வயது போய்விட்டது, மூச்சிளைப்பு என்று எண்ணி ஒரு போத்தல் மருந்துகூட வாங்கிக் கொடுத்தேன். கசக்கக் கசக்கக் குடித்தார்.

ஆஸ்பத்திரியில் அந்த இளைப்பைப் பற்றி டாக்டரிடம் சொல்லப் போனேன். எஸ்தர் என் கையைப் பிடித்தாள்.

"இஞ்சாருங்கோ, அது இளைப்பில்லை. அது உங்கட இடம். உங்கட பேரை வாய்க்குள்ள சொல்லுறவ."

"அப்ப ஏன் மருந்தைக் குடிச்சவ?"

"நீங்கள் வாங்கித் தந்ததெல்லோ."

வெளியே வந்து படிக்கட்டில் இருந்து அழுதேன். "ஆண்டவரே, நான் மன்னிப்புக் கேட்பது அவர் காதில் விழ வேண்டும். விழுந்ததென்று எனக்குக் காட்டும்" என்று மன்றாடினேன்.

இனி வீட்டிலேயே வைத்துப் பாருங்கள் என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள். அன்று பின்னேரம் அவருடைய கட்டிலருகே முதல்முறையாக நான் ஜெபத்தை நடத்தினேன். "மாமி, என்னை மன்னியுங்கோ" என்றேன். முகத்தில் ஓர் அசைவும் இல்லை. பிறகு அவர் சொல்லும் ஒழுங்கிலேயே எல்லோரையும் சொன்னேன். எப்போதோ செத்துப்போன ஆட்டையும் விடவில்லை. கடைசியில் என் இடம் வந்தது. எனக்காகக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. நின்றுவிட்டேன்.

"குண... சீலன்."

கோணிய வாயால் மாமி சொன்னார். கண்கள் என் பக்கம் திரும்பவில்லை. கூரைக்கும் மேலே எங்கோ பார்த்தபடி இருந்தன. அவர் என்னைக் கூப்பிடவில்லை. விட்டுவைத்திருந்த இடத்தை நிரப்பினார்.

வேறு சொல் வரவில்லை. அந்த வாரம் ஞாயிறு விடியுமுன் போய்விட்டார்.

நான் கேட்டதை ஆண்டவர் தந்தார். துக்கம் ஆறவில்லை, ஆறாது. இப்போது பின்னேர ஜெபத்தை நான்தான் நடத்துகிறேன். றோட்டில் போகிறவர்கள் கேட்டால் கேட்கட்டும். முடிவில் ஒரு மூச்சு நிற்கிறேன். மாமிக்காக நன்றி சொல்லும் இடம் அது.

உங்கள் பெயரைச் சொல்லி அழ வீட்டில் யாராவது இருந்தால், தடுக்காதீர்கள். பக்கத்தில் போய் முழங்காலில் நில்லுங்கள். ஆண்டவர் கேட்கிறார்.